நாலு கம்பி

மாவு நிறுக்கும் சமையலறைத் தராசில் இன்று சைக்கிள் சாமான்கள் ஏறி இறங்குகின்றன. மலைப்பாதைப் பைத்தியமான கணவனுக்கு இலேசான பின்சக்கரம் கோக்கப் போகிறாள், சைக்கிள் கடை வைத்திருக்கும் மனைவி. சக்கரத்தின் நடுவில் வரும் ஹப் எந்த ரகம் என்பது முடிவாகிவிட்டது. ஜன்னல் வெயிலில் இரண்டு ரிம்கள் பளபளக்கின்றன. ஒன்றில் இருபத்தெட்டுக் கம்பிகளுக்கான துளைகள், மற்றதில் முப்பத்திரண்டு. "இருபத்தெட்டே போதும்மா, பஞ்சு மாதிரி இருக்கும்" என்கிறான், தன் மூச்சுப்பட்டு எடை கூடிவிடுமோ என்பதுபோல் தள்ளி நின்று. அவள் பார்வை சுவரோரம் சாய்ந்திருக்கும் பழைய சக்கரத்துக்குப் போகிறது. போன வாரம் பாறைச் சரிவில் அதன் நாலு கம்பிகள் தெறித்துவிட்டன. மிச்சமிருந்தவை முக்கி முனகி அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டன. "நாலு போயும் இருபத்தெட்டு மிச்சம் இருந்துச்சு. அதான் இங்க நின்னு பேசறீங்க" என்றபடி முப்பத்திரண்டு துளை ரிம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "இருபத்தஞ்சு கிராம் கூடுதே!" "தொப்பையில குறைச்சுக்கோங்க." அவன் சிரித்துக்கொண்டே வயிற்றை எக்கிக்கொள்கிறான். அவள் ஈரத்துணியோடு எழுந்துபோய், இனி எங்கும் உருளப் போகாத பழைய சக்கரத்தின் சேற்றைக் கம்பி கம்பியாகத் துடைக்கிறாள். கம்பியில்லாத அந்த நாலு இடங்களிலும் அவள் விரல் கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது.