பதினெட்டு நிமிஷம்

“எழுபது கிலோமீட்டர், பதினெட்டு நிமிஷப் பயணம்! அதுக்கு ஒரு மணி நேரமா உட்கார வச்சிருக்கீங்க. அந்தத் தீவுல எம்பொண்ணு பிரசவ வலியில துடிக்கிறா!” கைப்பையை விமான நிலையக் கவுன்டரில் ஓங்கிப் போட்டார், ஊரில் அச்சகம் நடத்தும் அச்சகக்காரர்.

“ஒன்பது பேர் போற சின்ன விமானம் சார். ஒருத்தர் இன்னும் எடை போட வரல” என்றாள் கவுன்டர் பெண்.

“எவன் அவன்? ஒருத்தனுக்காக இத்தனை பேர் காத்துக் கிடக்கணுமா? விட்டுட்டுக் கெளம்புங்கம்மா!”

“அதானே!” என்றார்கள் மற்ற பயணிகளும். அவள் பைலட்டுக்கு ஃபோன் செய்தாள். காலி இடத்தில் மருந்துப் பெட்டிகளை ஏற்றினார்கள்.

வெற்றி வீரர் போல வரிசையில் முதல் ஆளாக நின்றார் அச்சகக்காரர்.

“எடைச் சீட்டு எங்க சார்?”

“எங்கிட்ட மூட்டை முடிச்சு எதுவும் இல்லையே. இந்தக் கைப்பையையுமா எடை போடுவீங்க?”

“ஆளையும் சேர்த்துத்தான் சார் எடை போடுவோம்.” அவள் பயணிகள் பட்டியலைப் புரட்டினாள். “அப்போ அந்த ஒன்பதாவது ஆள்... நீங்கதானா?”

“பெட்டியெல்லாம் இறக்கச் சொல்லும்மா!”

“ஒருத்தனுக்காக இத்தனை பேர் காத்துக் கிடக்கணுமா?” பின்னாலிருந்து யாரோ ஒருவர் கத்தினார். எட்டுப் பேரும் அச்சகக்காரரை இடித்துக்கொண்டு போய் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது.

“அடுத்த விமானம் எப்போ?” பல்லைக் கடித்தார்.

“மூணு நாள் கழிச்சு சார். ஏறிட்டீங்கன்னா பதினெட்டே நிமிஷம்.”