சாப்பிட்டுவிட்டு வந்தவள்

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் ஊசிக்காரர், மெஷினில் சுழற்றிய ரத்தச் சோதனைக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் சிவப்பு. மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டியது கெட்டிப்பால் போல வெளுத்திருந்தது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து, கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பதில் இந்தக் கர்ப்பிணிகளை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய இருபது வருட அபிப்பிராயம்.

குழாயை அனுப்பிய பிரசவ வார்டுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"யாரு சார் சாப்பிட்டது?" என்றாள் நர்ஸ். "கணையம் வீங்கிப்போய் நேத்து காலையில வந்த பொண்ணு. ஏழு மாசம். அப்பலேர்ந்து ஒரு வாய் தண்ணி உள்ள போகல."

ஊசிக்காரர் அப்போதுதான் சீட்டில் இருந்த பெயரைப் படித்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஜன்னலில் அந்தப் பெயரை அவர்தான் உரக்கக் கூப்பிட்டார். அன்றைக்கும் வெள்ளைதான். சத்தியமாகச் சாப்பிடவில்லை என்று அவள் கெஞ்சினாள். அப்படியானால் உள்ளே இருக்கும் பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்றார். வரிசையே சிரித்தது. பாவம், அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். உதடு காய்ந்திருந்தது. அதுவும் வெள்ளை. இரண்டு குழாயையும் குப்பையில் போட்டுவிட்டு, ஒழுங்காகப் பட்டினி கிடந்து வா என்று துரத்தினார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

இன்றைய குழாயை நீர் கலந்து மெஷினில் ஓட்டினார். முந்நூறைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய கொழுப்பு, ஆறாயிரம் காட்டியது. மறுபடியும் வார்டுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னார்.

டாக்டரம்மாவே போனை வாங்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இந்தக் கொழுப்புதான் கணையத்தை வீங்க வச்சிருக்கு. ரத்தத்தைச் சுத்தம் பண்ணக் கொண்டுபோறோம். குழந்தையோட துடிப்பும் இறங்குது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரை, பத்தியச் சாப்பாட்டுலயே பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். இந்தப் பொண்ணு இதுக்கு முன்ன அங்க ரத்தம் குடுத்திருக்கா?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஊசிக்காரர் வாயைத் திறந்தார்.

"இல்லைங்க டாக்டர். அந்தப் பேர்ல இங்க யாருமே வந்ததில்ல."