கையெழுத்து வாங்கிய மறுநாள்

தொலைபேசியில் குணாளனின் குரல் தணிந்து ஒலித்தது.

“நவமணி, கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா? இப்பவே.”

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. உடம்பை விற்றுப் பிழைப்பவள் இந்த வீடமைப்புத் தாமானில் குடியிருக்கக் கூடாது என்று, குடியிருப்போர் சங்கச் செயலாளரான குணாளன் நேற்றுதான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தார்.

“நேத்து காலி பண்ணச் சொன்னீங்களே அண்ணே? நான் சுங்கை பெசார்ல வீடு தேடிக்கிட்டு இருக்கேன்.”

“அது சங்கத்து முடிவு லா. சட்டமும் அதைத்தானே சொல்லுது.”

“என் கூட்டாளி ஒருத்தி மெல்பர்ன்ல இதே வேலைதான் பாக்குறா. அங்க சட்டம் அவளை ஒன்னும் சொல்றதில்ல.”

“அந்தப் பேச்செல்லாம் அப்புறம். இப்ப உன்னை விட்டா வேற ஆள் இல்ல.”

“அண்ணி வீட்டுல இல்லையா?”

“இருக்கா. அவதான் உன்னைக் கூப்பிடச் சொன்னா. பின்பக்கச் சந்து வழியா வந்துடு. தெருவுல யாரும் பாக்க வேணாம்.”

நவமணி முன்வாசல் வழியாகவே போனாள்.

கூடத்தில் குணாளனின் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில்தான் உயிர் பிரிந்திருந்தது. இரண்டு வருடம் படுக்கையில் கிடந்ததில் முதுகெல்லாம் புண். குளிப்பாட்ட மருமகளுக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். தாமானில் கடைசியாக இறந்த இரண்டு பெண்களையும் குளிப்பாட்டியவள் நவமணிதான்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெந்நீர் கேட்டாள். பிறகு, சுற்றி நின்ற கையெழுத்துக்காரர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆம்பளைங்க யாரும் இங்க நிக்கக் கூடாது. வெளிய போங்க.”

முதலில் வெளியேறியவர் குணாளன்.