எலிவால் பின்னல்

"இதைப் போட்டா முடி அடர்த்தியாத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

சந்திரகலா கேட்ட வேகத்தில் கடைக்கார லூர்துமேரி பாட்டிலை மேஜை மேலேயே வைத்துவிட்டாள்.

"முட்டை ஷாம்பூ. குளிச்ச அன்னைக்குப் புசுபுசுன்னு நிக்கும். மறுநாள் பழையபடி படிஞ்சிடும். மெல்லிசு முடிக்கு அவ்வளவுதாம்மா."

"ஒரு நாள் நின்னாப் போதும். வெள்ளிக்கிழமை வேற இடத்துலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. இந்தப் பச்சை பாட்டில்?"

"அது பொடுகுக்கு."

"இது?"

"எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆனா முடி தலையோட ஒட்டிக்கும். உனக்கு வேணாம்."

"எதைத்தான் போடறது? மண்டையைக் கழட்டி வேற மாட்டிக்கவா?"

லூர்துமேரி நாலாவதாக ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவளுக்கும் தெரியும். குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கவே தெரியும்.

அன்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு மைன்ஸில் பர்மனன்ட் வேலை. சந்திரகலாவின் அப்பா கோபாலகிருஷ்ணன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு, "பொண்ணு லட்சணமா இருக்கு. மேல பேசலாம்" என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

அவர் மனைவி தனபாக்கியம் நாற்காலியை விட்டு எழுந்தாள். நேரே வந்து சந்திரகலாவின் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

"என்னங்க இது, எலிவாலு! முடியில்லாத பொண்ணு என் வூட்டுக்கு வாணாம். எழுந்திருங்க, போலாம்."

பஜ்ஜித் தட்டுகள் அப்படியே இருக்க, வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"எங்கப்பா அன்னையிலேர்ந்து யார் முகத்தையும் பாக்கறதில்லக்கா" என்றாள் சந்திரகலா. "வேலைக்குக்கூடச் சுத்து வழியாப் போறார். எங்கம்மா தினம் செம்பருத்தி இலையை அரைச்சு என் தலையில அப்பறா. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ. எல்லாம் போயி, இப்போ என் பேரே எலிவால்னு ஆயிடுச்சு."

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்த சிங்காரவேலு அதிலேயே உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து இறங்கி உள்ளே வந்தவள் தனபாக்கியம்.

"துணி சோப்பு ரெண்டு குடுங்க" என்றவள், சந்திரகலாவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சந்திரகலா நாலு பாட்டில்களையும் அவள் முன்னால் தள்ளினாள்.

"வாங்க. எந்த ஷாம்பூ போட்டா உங்க மகனுக்கு ஏத்த மாதிரி முடி வரும்? நீங்களே எடுத்துக் குடுங்க."

"மெதுவாப் பேசும்மா."

"நீங்க மெதுவாவா பேசினீங்க? சந்தையில மாட்டு வாலைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி இழுத்தீங்களே, இருபது பேர் முன்னாடி! புடிக்கலைன்னா வீட்டுக்குப் போயி ஒரு கடுதாசி போட வேண்டியதுதானே?"

"கலா, விடும்மா" என்றாள் லூர்துமேரி.

"விட மாட்டேன்க்கா! இவங்களும் ஒரு பொம்பளைதானே? இவங்க வயித்துல ஒரு பொண்ணு பொறந்திருந்தா இப்படிப் பேச வாய் வந்திருக்குமா?"

தனபாக்கியம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே சந்திரகலாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இப்போ மட்டும் ஏன் ஊமையாயிட்டீங்க? பதில் சொல்லுங்க!"

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. தனபாக்கியம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்திரகலாவை நெருங்கி வந்தாள்.

"உன் முடியில ஒரு கொறையும் இல்லம்மா."

"இப்போ எதுக்கு இந்தச் சமாதானம்?"

"சமாதானம் இல்ல. அந்த ஆளு உள்ள வர்றதுக்குள்ள கேட்டுக்கோ. நான் பாத்ததுல நீ அஞ்சாவது பொண்ணு. ஒருத்திக்குப் பல்லு எடுப்புன்னேன். ஒருத்திக்கு நெறம் பத்தலைன்னேன். கம்மாபுரத்துல ஒரு பொண்ணு, கிளி மாதிரி இருந்தா, நடை சரியில்லன்னுட்டேன். அவரு எல்லா எடத்துலயும் சரி சரின்னு தலையாட்டிக்கினுதான் இருக்காரு. நான்தான் போற எடமெல்லாம் கெடுத்துக்கினு வரேன்."

சந்திரகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கு?"

"எம்மவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சும்மா. எட்டு மாசத்துல அந்தப் பொண்ணு தாய் வூட்டுக்கு ஓடிட்டா. பஞ்சாயத்துல உறவ அத்து உட்டாங்க. அதை உங்ககிட்ட மறைச்சுட்டாங்க. நான் வாயத் தொறந்து சொன்னா அப்பனும் புள்ளையும் என்னை உசுரோட விட மாட்டாங்க. பொண்ணு புடிக்கலைன்னு சொன்னா நாலு ஏச்சோட போயிடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இதை எங்கப்பாகிட்டயாவது…"

"என்ன அங்க பேச்சு?" சிங்காரவேலுவின் குரல் வாசலிலிருந்து வந்தது.

"தோ வந்துட்டேங்க."

தனபாக்கியம் சோப்பை வாங்கிக்கொண்டாள். ரெண்டு அடி வைத்தவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"அந்தப் பொண்ணுக்கு முட்டி வரைக்கும் முடிம்மா. எம்மவன் அதைக் கையில சுத்திக்கினுதான் அடிப்பான்."