அவவிட்டச் சொல்லுங்கோ, சேர்

“சேர், புல்மோட்டை லொறி வந்து நிக்கிது. அவக்கிட்டச் சொல்லுங்க” என்றார் பரீதா.

‘அவ’ என்றது சிவாஜினியை. சிவாஜினி இருந்தது அடுத்த மேசையில். கையை நீட்டினால் தொடலாம்.

மனேச்சர் சசிகரன் தன் அறையிலிருந்து எழும்பி வந்து, சிவாஜினியின் பக்கம் திரும்பினார். “புல்மோட்டை லொறி வந்திட்டுதாம்.”

“பழைய மூட்டையை முதல்ல ஏத்தச் சொல்லுங்கோ சேர். கனநாள் கிடந்தால் சீமெந்து கட்டியாப் போயிடும். தறப்பாள் போடாமல் லொறியை விடவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. அங்கால மழையாம்.”

சசிகரன் பரீதாவின் பக்கம் திரும்பி அதையும் ஒப்புவித்தார்.

கப்பல்துறையில் இருந்த அந்தச் சீமெந்துக் களஞ்சியத்தில் இரண்டு மாதமாக இதுதான் கூத்து. பரீதா லொறி அனுப்புபவர். சிவாஜினி இருப்புப் பார்ப்பவர். இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை செய்தவர்கள், திடீரென்று ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால், “அத விடுங்க சேர்” என்பார் ஒருவர். “அவவுக்கே தெரியும்” என்பார் மற்றவர்.

சசிகரன் கொழும்பில் முகாமைத்துவம் படித்து, நேரே மனேச்சராக வந்து இறங்கியவர். அதற்கு முன் சீமெந்து மூட்டையை விளம்பரத்தில்தான் பார்த்திருந்தார். முதல் மாதம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தார். தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் சந்தேகம் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று ஓர் எண்ணம். இந்தச் சண்டை வந்த பிறகு கதவைச் சாத்த நேரமேது? நாள் முழுக்கத் தூது போவதே வேலையாகிவிட்டது.

சமாதானம் செய்ய அவர் படாத பாடு பட்டார். படித்ததையெல்லாம் செய்து பார்த்தார். இருவரையும் எதிரெதிரே இருத்தி, மற்றவரிடம் பிடித்த ஒரு குணத்தைச் சொல்லச் சொன்னார்.

“நல்லா வேலை செய்வா எண்டு சொல்லுங்கோ சேர்” என்றார் சிவாஜினி, அவரைப் பார்த்தே.

“அவவும் அப்பிடித்தான் எண்டு சொல்லுங்க சேர்” என்றார் பரீதா.

கேக் வாங்கிவந்து, ஒருவருக்கொருவர் ஊட்டிவிடச் சொன்னார். இரண்டு துண்டும் அவர் கை வழியாகத்தான் போயின.

இதற்கிடையில் தலைமை அலுவலகத்திலிருந்து பணிப்பாளர் பாக்கியரத்தினம் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. சசிகரனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். இரண்டு பேரைச் சேர்த்துவைக்கத் தெரியாதவருக்கு மனேச்சர் கதிரை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

“அண்டைக்கு ஒருநாள் மட்டும் கதையுங்கோ” என்று கெஞ்சினார்.

“என்னால ஏலாது எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ சேர்.”

“எனக்கும் ஏலாதுதான் எண்டு சொல்லுங்க சேர்.”

வெள்ளிக்கிழமை பணிப்பாளர் வந்தார். அறையில் கதிரையில் இருந்ததுமே சசிகரனிடம் கேள்வி தொடங்கியது.

“ஏன் கிண்ணியா லொறியை முதல்ல அனுப்பினனீங்கள்?”

“இண்டைக்கு ஜும்ஆத் தொழுகை சேர். கடையைப் பூட்டிடுவினம். அதுக்கு முதல் இறக்கவேணும்.”

“கட்டி பிடிச்ச மூட்டை எவ்வளவு?”

“ஒண்டுமில்லை சேர். பழசு முதல்ல போயிடும். அடுக்கிறதும் சுவரில முட்டாமல் பலகைக்கு மேலதான்.”

“மூதூரில என்ன, ஒருத்தரும் சீமெந்து கேக்கேல்லப் போல?”

“அறுவடை முடியட்டும் சேர். அதுக்குப் பிறகுதான் அங்க வீட்டு வேலை தொடங்குவினம். அதுக்கு இப்பவே இடம் ஒதுக்கி வச்சிருக்கு.”

எந்தக் கோப்பையும் புரட்டாமல் சசிகரனிடமிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே பரீதாவின் குரல்.

“சேர், சீனன்குடா லொறி திரும்பிட்டு. அவக்கிட்டச் சொல்லுங்க.”

சசிகரனுக்கு உயிர் போய் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாம் செய்து பாத்திட்டன் சேர். இவையின்ர சண்டையைத்தான் தீர்க்கத் தெரியேல்ல.”

“அது கிடக்கட்டும். உங்களை நிரந்தரமாக்கியாச்சு” என்றார் பணிப்பாளர், வெளியேயும் கேட்கும்படி சத்தமாக.

வெளியே கதிரை நகர்ந்தது.

“சிவாஜினி, தேத்தண்ணி ஊத்தட்டா?”

“ஓம் அக்கா. சீனியைக் குறைச்சுப் போடுங்கோ.”

சசிகரன் வாயைப் பிளந்தார்.

பணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “நானும் முதன்முதல் மனேச்சரா இந்த அறைக்குத்தான் வந்தனான். அப்பவும் இவை ரெண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை. கேட்டுப் பழக வெக்கப்படுற மனேச்சர் வந்தால் மட்டும்தான் தம்பி, இவைக்குச் சண்டை வரும்.”