பொம்மை இன்ஜினின் ஜன்னல்

“என் தம்பி வேலை போயிடுமோன்னு தூக்கமில்லாம கிடக்கான். நீ என்னடான்னா பொம்மை ரயிலை ராவிக்கிட்டு உட்கார்ந்திருக்கே,” என்று பொரிந்து தள்ளினாள் நாத்தனார்.

தம்பி மனைவி அரத்தைக் கீழே வைக்கவில்லை. “நீராவி இன்ஜின் அண்ணி. கடைக்காரன் அழகுக்குப் பண்ணி விக்கிறான். சக்கரம் பெரிசு, பாய்லர் ஒல்லி, ஜன்னல் அகலம். நிஜ அளவுக்குக் கொண்டுவரணும்.”

“கொண்டுவந்து? யாரு ஏறிப் போகப் போறாங்க?”

அவள் அடுத்த சக்கரத்தை எடுத்தாள். மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். சக்கரத்தை ராவி, பாய்லருக்கு அட்டை சுற்றிப் பருமனாக்கி, ஜன்னலைப் பாதிக்குமேல் அடைத்தாள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பிய்த்துப் போட்டு மறுபடி ஒட்டினாள்.

திங்கட்கிழமை அதைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, சிவப்பு சிக்னலைத் தாண்டி ரயிலை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த டிரைவர் புருஷனோடு விசாரணை அதிகாரியின் அறைக்குப் போனாள். சென்ற தடவை இதே மாதிரி கடைப் பொம்மை ஒன்றை மேசைமேல் ஓடவிட்டு, அதன் ஜன்னல் வழியாகப் பார்த்து, “வளைவுல சிக்னல் பளிச்சுன்னு தெரியுதே. டிரைவர் தூங்கியிருக்கார்,” என்று அடித்துச் சொன்னவர் அவர்.

வளைந்த தண்டவாளமும் சின்னச் சிக்னல் கம்பமும் இன்னும் மேசையிலேயே இருந்தன. அவருடைய இன்ஜினை எடுத்துவிட்டு அவள் தன்னுடையதை வைத்தாள்.

“அளவெல்லாம் உங்க ஆபீஸ் வரைபடத்துல இருக்கிறதுதான் சார். இப்போ பாருங்க.”

அதிகாரி குனிந்து ஜன்னலில் கண்ணை வைத்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“கம்பத்தை யாரும்மா எடுத்தது?”

“யாரும் எடுக்கலை சார். பாய்லருக்கு அந்தப் பக்கம் அங்கேயேதான் நிக்குது,” என்றாள் அவள். “அன்னிக்கு இவருக்கும் இப்படித்தான் தெரியலை.”