ஏழு வாத்துக் கணக்கு

"இன்னையோட சரி டீச்சர்! ஒலிபெருக்கியைக் கழற்றப் போறேன்!"

விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினார் ஊர்த்தலைவர் தோங்தி.

சைபின் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "தலைவரே, அதையும் கழற்றிட்டா பாதிப் பிள்ளைங்களுக்குப் பாடமே கிடையாது. போன வருஷம் படிச்சதையே மறந்துடுச்சுங்க."

"அதுக்காக? ஊரே அடிச்சிக்கிட்டுக் கிடக்குது!"

தொற்றுக் காலம். மேகோங் ஆற்றங்கரையில் எங்கள் நோங்தாவ் பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு. டீச்சர் சும்மா இருப்பாரா? பாடங்களைப் பேசிப் பதிவு செய்து, 'பாட்காஸ்ட்' என்று பெயரும் வைத்தார். ஆனால் பாதி வீடுகளில் கேட்பதற்குப் போன் இல்லை. அதனால் தலைவர் வீட்டுக் கம்பத்து ஒலிபெருக்கியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார்.

அந்தக் குழாயில் எது வந்தாலும் எங்கள் ஊருக்கு அது அரசாங்கச் சேதி. எருமைக்கு ஊசி, புயல் எச்சரிக்கை, யாரோ தொலைத்த பல்செட்டு, எல்லாம் அதில்தான் வரும்.

நேற்றுதான் முதல் பாடம். தலைவர் நாய்த் தடுப்பூசி பற்றி அறிவித்தார், கையோடு டீச்சரின் பதிவையும் போட்டுவிட்டார். "பிள்ளைகளே, இது கணக்குப் பாடம்" என்ற முதல் வரியை அவருடைய இருமல் விழுங்கிவிட்டது. ஊர் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"ஒருவரிடம் இருபத்து நான்கு வாத்துகள் இருந்தன. ஏழு காணாமல் போய்விட்டன. மீதி எத்தனை? அடுத்தவருடையதை எடுப்பது திருட்டு. எடுத்தது யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். எல்லாரும் நாளைக் காலை பள்ளிக்கூட வாசல் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்."

அவ்வளவுதான். காணாமல் போன வாத்துகளைத் தேடி ஊரே குளத்தில் இறங்கிவிட்டது. மீன் பிடிக்கப் போனவன் வலையை வாத்துக்கு வீசினான். ஒரு வீட்டில், உள்ளே இருப்பது வாத்திறகா என்று மாப்பிள்ளையின் தலையணையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள்.

"அது வெறும் கழித்தல் கணக்கு, தலைவரே! அடுத்தவங்க விடையைப் பார்த்து எழுதறதைத்தான் திருட்டுன்னேன். கூடையில வைக்கச் சொன்னது நோட்டை!"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? நான் தலைவனானதுல இருந்து இங்க ஒரு இறகு திருடு போனதில்லை. என் ஊரைத் திருட்டு ஊராக்கிட்டீங்களே!"

"குவாக்" என்றது கூடை.

டீச்சர் மூடியைத் திறந்தார். உள்ளே காலைக் கட்டிய வாத்துகள், நோட்டுகளின் மேல் ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இடம் பற்றாமல் வேலியோரமும் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு வாத்து முட்டையே போட்டிருந்தது. வட்டியோ என்னவோ.

"கணக்குல ஏழுதான்" என்று டீச்சர் திணறினார். "வந்திருக்கிறது பதினொண்ணு!"

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தாள் பப்பாளிக்காய் சாலட் விற்கிற புவாலா.

"ஐயோ, இது என் வாத்து! டேய் பிரசித், இதை மலைப்பாம்பு முழுங்கிடுச்சு, என் கண்ணால பார்த்தேன்னு நீதானேடா சொன்னே?"

பக்கத்து வீட்டுப் பிரசித் தலையைச் சொறிந்தான்.

"துப்பியிருக்கும் அக்கா."

"துப்பின பாம்பு காலையும் கட்டி விட்டுச்சாடா?"

கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர்கள் யார் யார் என்று நானும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டேன்.

வாத்துகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கூட்டம் கலைந்தது. தலைவர் மட்டும் நகரவில்லை. அவருடைய குரலில் இருந்த இடி எங்கோ போய்விட்டது.

"ஒலிபெருக்கி இருக்கட்டும் டீச்சர். பிள்ளைங்க படிப்புதானே முக்கியம்."

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும், தலைவரே!"

"அது சரி... நாளைக்கு என்ன பாடம்?"

"இதே கழித்தல்தான். பதிவு பண்ணி வச்சுட்டேன். ஒருத்தர்கிட்ட முப்பது கோழி இருந்துச்சாம்..."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டீச்சரின் காதருகே குனிந்தார்.

"கோழி மட்டும் வேண்டாம் டீச்சர். சுட்டுத் தின்னதை எப்படித் திரும்பக் கொண்டாந்து வைக்கிறது?"